புள்ளியைப் பார்த்துப் பழகுங்கள், அப்புறம் மிதிக்கலாம்: டூர் டிவைடுக்குப் புதியவர்களுக்கு

ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, கனடாவின் பான்ஃப் ஊரிலிருந்து இருநூறு பேர் வரை சைக்கிளில் கிளம்புவார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டியிருக்கும் ஆன்டிலோப் வெல்ஸ். நடுவில் 4,300 கிலோமீட்டருக்கு மேல் ராக்கி மலைத்தொடர். பெரும்பாலும் மண் பாதை, சரளைப் பாதை. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 60,000 மீட்டர். பின்னால் வண்டி வராது. சாப்பாடு தர, பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது. நுழைவுக் கட்டணமும் பரிசும்கூட இல்லை. இதுதான் டூர் டிவைட்.

நான் இருக்கும் கால்கரியிலிருந்து பான்ஃப் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். பல வருடமாக இந்தப் பந்தயத்தைத் திரையில் பார்க்கிறேன். அதன் முதல் பகுதியைச் சாமானோடு மிதித்தும் பார்த்திருக்கிறேன். முழுசாக முடித்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நானும் போகணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதல் வருடம் பாருங்கள். பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தயாரிப்பு முடிந்த மாதிரி.

முதலில் கொஞ்சம் கதை

அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு 1990களில் கிரேட் டிவைட் மவுண்டன் பைக் ரூட் என்ற பாதையை வரைபடமாக்கியது. கண்டத்தின் நீரைப் பசிபிக் பக்கமும் அட்லாண்டிக் பக்கமும் பிரித்துவிடும் மலை முகட்டை ஒட்டியே போகும் பாதை அது. 1999இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை தனியாக, கடிகாரத்தோடு போட்டி போட்டு 18 நாள் சொச்சத்தில் முடித்தார். பான்ஃபிலிருந்து தொடங்கும் டூர் டிவைட் 2008இல் வந்தது.

2016இல் மைக் ஹால் 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். மறுவருடம் ஆஸ்திரேலியாவில் இன்னொரு நெடுந்தூரப் பந்தயத்தில் கார் மோதி இறந்துபோனார். அவருடைய நேரம் எட்டு வருடம் அசையாமல் நின்றது. 2024இல் யுஸ்டினாஸ் லெவெய்கா அதை முந்தினார். 2025இல் ராபின் கெம்பெர்லே 11 நாள் 19 மணி நேரத்தில் முடித்து எல்லோரையும் வாயடைக்க வைத்தார்.

எனக்குப் பிடித்த கதை லேல் வில்காக்ஸ் உடையது. 2015இல் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து பான்ஃப் வரை சைக்கிளிலேயே வந்து பந்தயத்தில் சேர்ந்தார். வழியில் மூச்சுக் கோளாறு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்படியும் 17 நாள் சொச்சத்தில் முடித்துப் பெண்களுக்கான சாதனையைப் பிடித்தார். அது போதாதென்று அதே கோடையில் திரும்ப வந்து, தனியாக ஓட்டி 15 நாள் 10 மணி 59 நிமிடத்துக்குக் குறைத்தார்.

முதல் படி: புள்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்வது

ஓட்டுபவர்கள் சைக்கிளிலோ முதுகிலோ ஸ்பாட், இன்ரீச் மாதிரி ஒரு சாட்டிலைட் டிராக்கரை மாட்டியிருப்பார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். டிராக்லீடர்ஸ் தளத்தில் வரைபடத்தின் மேல் ஆளுக்கொரு புள்ளி நகரும். இதையே வேலையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அங்கே 'டாட் வாட்சர்' என்று பெயர்; நம் வீட்டில் வேறு பெயர் வைப்பார்கள்.

நேரக் கணக்கை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூனில் பான்ஃபுக்கும் இந்தியா, இலங்கைக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 8 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 7:30. அங்கே நள்ளிரவு, நமக்குப் பகல் 11:30. முன்னணியில் இருப்பவர் தூங்குகிறாரா, இருட்டில் மிதிக்கிறாரா என்பதை ஆபீசில் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'யார் முதலில்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது முதல் நாளோடு சலித்துவிடும். என் வழி வேறு. மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னணியில் ஒருவர், நடுவில் ஒருவர், 25 நாளில் முடிக்கும் வேகத்தில் ஒருவர். மூவரும் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நான்காம் நாள் ஒரு விஷயம் தெரியும். மிதிக்கும்போது இருக்கும் வேகத்தில் மூவருக்கும் நீங்கள் நினைத்த அளவு வித்தியாசம் இருக்காது. முன்னணி ஆள் கடையில் கால் மணி நேரம் நிற்பார். நடு ஆள் ஒன்றரை மணி நேரம். ராத்திரி முன்னணி ஆள் நாலு மணி நேரம் தூங்குவார், நடு ஆள் எட்டு. இரண்டு வாரத்தில் அது மலையளவு கூடிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தது எல்க்ஃபோர்டில், பாதையில் வரும் ஒரு கனடா ஊர். பந்தயத்தின் முதல் நாள் சாயங்காலம் அங்கே ஒரு பெட்ரோல் பங்கு கடை வாசலில் நின்றிருந்தேன். ஒரு பெண் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே போய் வரும்போது கையில் இரண்டு பர்ரிட்டோ (உள்ளே பீன்ஸ், சீஸ் மாதிரி வைத்துச் சுருட்டிய ரொட்டி), ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட், சாக்லெட், ஒரு பால் பாட்டில். சிப்ஸ் பாக்கெட்டின் மூலையில் குண்டூசியால் ஒரு குத்து குத்தி, காற்றை அமுக்கி வெளியேற்றி, அப்பளம் மாதிரித் தட்டையாக்கிப் பைக்குள் சொருகினார். சாக்லெட் உறைகளை எல்லாம் அங்கேயே பிரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் சாக்லெட்டை ஹேண்டில்பார்ப் பையில் கொட்டினார். பாலைக் குடித்துக்கொண்டே செயினைத் துடைத்து எண்ணெய் விட்டார். தண்ணீர் பிடித்தார், கழிவறை போனார், கிளம்பிவிட்டார். பதினேழு நிமிடம். அடுத்து வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, போனை எடுத்தார். நான் கார் எடுக்கும்போதும் அவர் அங்கேதான் இருந்தார்.

புள்ளி நின்றுவிட்டால் பதற வேண்டாம். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் சிக்னல் போகாது, பேட்டரி தீர்ந்திருக்கலாம், டிராக்கரை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். புள்ளி பாதையை விட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் ஊருக்குள் சாப்பாடு தேடிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். டிராக்கரில் ஆபத்துப் பொத்தான் தனியாக உண்டு, தேவைப்பட்டால் அவர் அழுத்துவார். வீட்டிலிருந்து பார்ப்பவர் போலீசுக்குப் போன் போடக் கூடாது.

இரண்டாம் படி: விதியைப் புரிந்துகொள்வது

விதிகள் ஒரு பக்கத்தில் அடங்கும். அதன் சாரம் ஒரே வரி: எல்லாருக்கும் கிடைப்பது உனக்கும் கிடைக்கலாம், உனக்கு மட்டும் கிடைப்பது கூடாது. ஓட்டலில் தூங்கலாம், சைக்கிள் கடையில் ரிப்பேர் பார்க்கலாம், பீட்சா வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் வழியில் வரும் ஹெலீனா ஊரில் இருக்கும் உங்கள் அத்தை மகன் டப்பாவில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தால் அது தப்பு. அவர் வீட்டில் தூங்குவதும் தப்பு. இன்னொருவர் சைக்கிளின் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்துதான் தொடர வேண்டும்.

கண்காணிக்க நடுவர் கிடையாது. புள்ளியும் மனசாட்சியும்தான். கலந்துகொள்வதற்கும் பெரிய சடங்கு இல்லை. 'வருகிறேன்' என்று முன்கூட்டித் தெரிவிப்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலிருந்து போகிறவருக்கு உண்மையான நுழைவுத் தேர்வு விசா. கனடா விசா, அமெரிக்க விசா இரண்டும் வேண்டும். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழையும் ரூஸ்வில் எல்லைச் சாவடியில் சேறு பூசிய முகத்தோடு நிற்கும்போது பாஸ்போர்ட் நனையாமல் இருக்க வேண்டும். ஜிப்லாக் பையில் போடுங்கள். விசா வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும், சைக்கிள் வாங்குவது அப்புறம்.

மூன்றாம் படி: கணக்குப் போடுவது

20 நாளில் முடிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 215 கிலோமீட்டர். ஏற்றம், இறக்கம், சேறு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டினால் 14 மணி நேரத்துக்கு மேல் சீட்டில். மிச்சம் 10 மணி நேரம்கூட இல்லை. அதில் ஆறு மணி நேரம் தூங்கினால் சாப்பாடு, கடை, ரிப்பேர், துணி காயப்போடுவது, நின்று போட்டோ எடுப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றரை மணி நேரம். முதல் தடவை போகிறவருக்கு நான் 25 நாள் என்று சொல்வேன். நாளுக்கு 175 கிலோமீட்டர். அதுவே லேசான வேலை இல்லை.

நான்காம் படி: சைக்கிளும் பையும்

சைக்கிளைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடலாம், போடுகிறார்கள். சுருக்கமாக: 29 அங்குலச் சக்கரம், 2.2 அங்குல அகலத்துக்குக் குறையாத டியூப்லெஸ் டயர், முன்னால் சஸ்பென்ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. மிக லேசான கியர் கட்டாயம். சாமானோடு செங்குத்தில் மிதிக்க அதுதான் கைகொடுக்கும். முழங்கையை ஊன்றிக்கொள்ளும் ஏரோ பார் வேகத்துக்காக என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கை மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகும்போது கைக்கு ஓய்வு கொடுப்பது அதுதான்.

முன் சக்கரத்தில், சுற்றும்போது மின்சாரம் தரும் டைனமோ ஹப் இருந்தால் விளக்கு எரியும், போன் கொஞ்சம் சார்ஜ் ஆகும். ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அதிலிருந்து ஒன்றும் பெரிதாக வராது. பவர் பேங்க்கும் வேண்டும். ஜிபிஎஸ் கருவிக்கு வழி சொல்லும் ஜிபிஎக்ஸ் கோப்பை கிளம்புவதற்கு முந்தைய நாள் மறுபடி இறக்குங்கள். காட்டுத்தீ, பனி என்று கடைசி நேரத்தில் பாதை மாறும். 2022இல் நியூ மெக்சிகோவின் கிலா காட்டில் பெரும் தீ எரிந்ததால் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

படுக்கை: இறகு ஸ்லீப்பிங் பேக், காற்றடிக்கும் பாய், மேலே ஒரு பிவி உறை (ஸ்லீப்பிங் பேக் நனையாமல் மூடும் பை). 'ஜூன் மாதம்தானே' என்று குறைக்காதீர்கள், கணவாய்களில் பனி கிடக்கும். அதே 2022இல் முதல் சில நாட்களிலேயே மழையும் பனியும் பிடித்து, பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் மாட்டிக்கொண்ட சிலரை மீட்புக் குழு போய் இறக்க வேண்டியிருந்தது. நல்ல மழைக்கோட்டும், நனையாத இன்னொரு ஜோடிக் கையுறையும் எடைக்கு எடை தங்கம்.

கருவிப் பையில் மறக்கக் கூடாத ஒன்று: கியர் மாற்றும் டெரெய்லரைச் சட்டத்தோடு பிடிக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர். சைக்கிளுக்குச் சைக்கிள் அளவு மாறும். வழியில் கடையில் கிடைக்காது. என் முதல் பயணத்தில் ஒரு கல் பட்டு அது வளைந்தது. மாற்று இல்லை. மூன்றாவது கியரில் செயினைப் பூட்டி வைத்து, ஏற்றம் வந்தால் தள்ளி, இறக்கம் வந்தால் உட்கார்ந்து, ஒன்றரை நாள் போனேன். இருநூறு கிராம்கூட இல்லாத சாமான். மற்றபடி பிரேக் பேட் இரண்டு ஜோடி, செயின் இணைப்பு, டயர் அடைக்கும் பிளக், ஊசி நூல், ஒரு ஸ்பேர் டியூப்.

ஐந்தாம் படி: பாதையை ஊர் ஊராகப் படிப்பது

கனடாப் பகுதி காடும் கரடியும். கோகோ கிளெய்ம்ஸ் என்றொரு ஏற்றம் உண்டு. லாரியில் கல்லைக் கொட்டிவிட்டுப் பரப்ப மறந்த மாதிரி இருக்கும். அதில் ஓட்டும் ஆள் யாரும் இல்லை, தள்ளுவதுதான். தள்ளும்போது ஷூ முக்கியம். அடிப்பக்கம் ரப்பர் இருக்கட்டும், வழுவழு பந்தய ஷூ வேண்டாம்.

கரடிக்கு ஸ்பிரே வேண்டும். விமானத்தில் கையிலும் கொண்டுபோக முடியாது, லக்கேஜிலும் போட முடியாது. பான்ஃப் வந்து வாங்குங்கள். பைக்குள் அடியில் புதைக்காமல் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். சாப்பாட்டைத் தூங்கும் இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி மரத்தில் உயரக் கட்டுங்கள். பற்பசையும் அதோடு போகட்டும். வளைவுகளில் சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். திடீரென்று எதிரே போய் நிற்பதுதான் ஆபத்து. நான் கத்திப் பாடிக்கொண்டே போவேன். இதுவரை எந்தக் கரடியும் நின்று கேட்டதில்லை.

மொன்டானாவில் ஓவாண்டோ என்று ஒரு சின்னக் கிராமம். சைக்கிள்காரர்கள் தூங்குவதற்கென்றே பழைய மரச் சிறைச்சாலை ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இப்படி இடங்கள் உண்டு என்பதால்தான் பாதையை முன்கூட்டிப் படிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: கடை எத்தனை மணிக்கு மூடும், ஞாயிறு உண்டா, அடுத்த கடை எவ்வளவு தூரம். இந்த ஒரு தாள் விலையுயர்ந்த சக்கரத்தைவிட அதிக நேரம் மிச்சப்படுத்தும்.

வயோமிங்கில் கிரேட் டிவைட் பேசின் என்ற வறண்ட பகுதி வரும். அட்லாண்டிக் சிட்டியை விட்டால் ராலின்ஸ் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் கடை கிடையாது, மரம் கிடையாது. பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அட்லாண்டிக் சிட்டி சிட்டியும் இல்லை, கடலும் பக்கத்தில் இல்லை. ஏழெட்டு லிட்டர் தண்ணீருக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்று அடித்தால் ராத்திரி ஓட்டுவது புத்திசாலித்தனம்.

அப்புறம் சேறு. இதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மொன்டானாவின் தெற்கிலும் வயோமிங்கிலும் நியூ மெக்சிகோவிலும் மழை பெய்தால் சில மண் பாதைகள் பசையாகிவிடும். அங்கே 'பீநட் பட்டர் சேறு' என்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் செருப்போடு நடந்தவருக்கு விளக்கம் தேவையில்லை: நாலு அடியில் செருப்பு நாலு கிலோ. சக்கரம் சுற்றாது, சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே மண் இறுகிவிடும். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, பலத்தைக் காட்டி மிதிப்பது. செயின் மண்ணை இழுத்துக்கொண்டு போய் டெரெய்லரை முறித்துப்போடும். பந்தயமே அங்கே முடிந்துவிடும். முதல் சத்தம் கேட்டதும் இறங்குங்கள். பாதையை விட்டு ஓரப் புல்லில் தள்ளுங்கள். குச்சியோ பெயின்ட் சுரண்டும் பிளாஸ்டிக் தகடோ கையில் இருக்கட்டும். மழை நின்றிருந்தால், பந்தயம் என்பதை மறந்து, இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குங்கள். வெயிலும் காற்றும் பட்டால் அந்த மண் ஆச்சரியமான வேகத்தில் காயும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் இந்த விளையாட்டில் ஒரு கலை.

கொலராடோவில் உயரம். இந்தியானா கணவாய் 3,630 மீட்டர், இந்தப் பாதையின் உச்சி. தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் அதிகம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். பிற்பகல் இடி மின்னல்தான் அங்கே பயம். முகட்டைக் காலையிலேயே தாண்டப் பாருங்கள். நியூ மெக்சிகோவில் வெயிலும் தூரமும். பை டவுன் என்ற ஊரில் பேருக்கேற்ற மாதிரிப் 'பை' (மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) விற்கிறார்கள், ஆனால் எல்லா நாளும் கடை திறந்திருக்காது. அதை நம்பி வெறும் பையோடு போய் நிற்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பீன்ஸ் பர்ரிட்டோ, சீஸ், சப்பாத்தி மாதிரி இருக்கும் டார்ட்டியா, வேர்க்கடலை வெண்ணெய், உருளைக்கிழங்குச் சிப்ஸ், ஐஸ்கிரீம். பத்தாம் நாள் ரசம் சாதம் கனவில் வரும், அதற்கு மருந்து கிடையாது. மூன்றாம் நாளுக்கு மேல் இனிப்பு திகட்டும், உப்பும் காரமும் கேட்கும். ஊரிலிருந்து ஒரு சின்ன டப்பா ஊறுகாய் எடுத்துக்கொண்டால் வெறும் டார்ட்டியாவும் இறங்கும்.

ஆறாம் படி: பழகுவது

ஒரு ராத்திரி வெளியே தூங்குங்கள். சாமானோடு அறுபது கிலோமீட்டர் போய், இருட்டில் படுக்கை விரித்து, காலையில் மடித்துத் திரும்புங்கள். மடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். முதல் தடவை எனக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், இப்போது இருபத்தைந்துக்குள். அப்புறம் தொடர்ந்து இரண்டு நாள், பிறகு நாலு நாள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு பிரெவே ஓட்டம் (கெடுவுக்குள் நெடுந்தூரம் சைக்கிளில் முடிப்பது) நல்ல பள்ளிக்கூடம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600க்கு 40 மணி நேரம் என்ற கெடு, கடையில் உட்காரும் வியாதியைத் தீர்த்துவிடும். தார் ரோடுதான், மண்ணுக்கும் தள்ளுவதற்கும் தனியாகப் பழக வேண்டும்.

வலி வரும். முட்டி, குதிகால் தசைநார், உட்காரும் இடத்தில் புண். புண்ணுக்குச் சோப்பும் சுத்தமும் முதல் மருந்து. ஊர் வந்தால் வேறெதையும் விட்டாலும் அந்த இடத்தைக் கழுவாமல் விடாதீர்கள். குதிகால் தசைநார் வலித்தால் அன்றே சீட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு நடக்க முடியாது.

கடைசியாக, ஆன்டிலோப் வெல்ஸ். அது ஊர் என்று நினைத்துப் போகிறார்கள். எல்லைச் சாவடி, கம்பி வேலி, ஒரு பலகை, அவ்வளவுதான். கடை இல்லை, பஸ் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஹச்சிட்டாவே எழுபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அழைத்துப் போக வண்டியை, அதற்கு முன்னால் வரும் சில்வர் சிட்டியில் சிக்னல் இருக்கும்போதே ஏற்பாடு செய்யுங்கள், வந்து சேரும் நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளியே சொல்லுங்கள். ஹச்சிட்டாவில் பிடித்த தண்ணீரில் ஒரு பாட்டிலைத் தொடாமல் வைத்திருங்கள். வண்டி வரும் வரை அங்கே குடிக்க வேறு எதுவும் இல்லை.